முகம் அறியா விருந்தினர்

நாற்காலிக்கு ஒழுக்கம் உண்டா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். மரத்துக்கும் இரும்புக்கும் மனச்சான்று இல்லை. ஆகவே அவற்றுக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. ஆயினும் எந்த நாற்காலியும் தானாக முளைத்து வருவதில்லை. ஒருவர் அதை எண்ணிப் பார்க்கிறார், ஒருவர் செய்கிறார், ஒருவர் விற்கிறார், ஒருவர் அதில் அமர்கிறார். இந்த நால்வருக்கும் இடையே ஓர் உறவு பிறந்துவிடுகிறது. உறவு பிறந்த இடத்தில் கடமையும் பிறக்கிறது.

ஊர்த் தச்சர் தமக்குத் தெரிந்தவருக்கே நாற்காலி செய்தார். அமர்பவரின் உயரம் அவருக்குத் தெரியும். முதுகு வலி தெரியும். கொடுக்கக்கூடிய கூலியும் தெரியும். கால் ஆடினால் மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பார் என்பதும் தெரியும். ஆலைத் தொழில் வந்தபின் இந்த நேர்முக உறவு அற்றுப்போயிற்று. இன்று ஒரு நாற்காலியின் வடிவத்தைத் தாளில் வரைபவர், தாம் ஒருபோதும் காணப்போகாத இலட்சம் பேருக்காக வரைகிறார். முகம் அறியாத அந்த இலட்சம் பேருக்கு அவர் எதற்குக் கடன்பட்டவர்? அழகுக்கா, மலிவுக்கா, உறுதிக்கா, உண்மைக்கா? இவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்கா. 1945இல் போர் ஓய்ந்தபோது இலட்சக்கணக்கான படைவீரர் வீடு திரும்பினர். புதுக் குடும்பங்கள் தோன்றின. குடியிருக்க வீடுகள் போதவில்லை. வீடுகளுக்குத் தட்டுமுட்டுப் பொருள்கள் வேண்டியிருந்தன. மறுபுறம், போருக்காகப் பெருகிய ஆலைகளும், போருக்காகக் கண்டறிந்த புதுப் பசைகளும் பிளாஸ்டிக்குகளும் வேலைக்காகக் காத்திருந்தன. இவ்விரண்டும் சந்தித்த இடத்தில் எழுந்ததே இன்று உலகெங்கும் போற்றப்படும் அமெரிக்க நவீன வடிவமைப்பு. அதன் வரலாற்றில் நமக்கு இரண்டு முகங்கள் தெரிகின்றன. இரண்டையும் பொறுமையோடு பார்ப்போம்.

முறிந்த காலிலிருந்து நாற்காலிக்கு

1941இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் புதுமணத் தம்பதியர் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டு நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் நடத்திய போட்டி ஒன்றில், சார்லஸ் தம் நண்பர் ஈரோ சாரினனுடன் சேர்ந்து உடலின் வளைவுக்கேற்ப வளைந்த ஒட்டுப்பலகை நாற்காலி ஒன்றை வடித்துப் பரிசு பெற்றிருந்தார். பரிசு கிடைத்தது, ஆனால் நாற்காலி ஆலைக்கு வரவில்லை. இருபுறமும் ஒருசேர வளைக்கும்போது பலகை வெடித்தது. வெடிப்பை மெத்தையாலும் துணியாலும் மூடவேண்டியதாயிற்று.

துணி மூடியது கண்ணுக்குத் தெரியாது. விலை மட்டும் ஏறும். அத்தோடு நிறைவடைய ஈம்ஸ் தம்பதியருக்கு மனமில்லை. தங்கள் வாடகைக் குடியிருப்பிலேயே பலகையை வளைக்கும் கருவி ஒன்றை அமைத்தனர். மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சின்மேல் வைத்து, மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினால் ரப்பர்ப் பை ஒன்றை ஊதி அழுத்துவார்கள். இரவு பகலாக முயன்றும் நாற்காலி எளிதில் அகப்படவில்லை. அதற்கு முன் வேறொரு தேவை வந்து கதவைத் தட்டியது.

போர்க்களத்தில் கால் முறிந்த வீரர்களுக்கு அப்போது உலோகச் சிம்புகளைக் கட்டி வந்தனர். தூக்கிச் செல்லும்போது உலோகம் அதிர்ந்து, புண்ணை மேலும் வருத்தியது. இதை அறிந்த ஈம்ஸ் தம்பதியர், மனிதக் காலின் வடிவத்தையே அச்சாகக் கொண்டு, இலேசான ஒட்டுப்பலகைச் சிம்பு ஒன்றை உருவாக்கினர். கட்டுத்துணியை நுழைத்துக் கட்டுவதற்கு அதில் துளைகள் இருந்தன. அத்துளைகளே பலகை வெடிக்காமல் வளைவதற்கும் வழிசெய்தன. அமெரிக்கக் கடற்படை 1942 முதல் அதை ஏற்றுக்கொண்டது; போர் முடிவதற்குள் சுமார் 1,50,000 சிம்புகள் செய்யப்பட்டன. அந்த அனுபவத்திலிருந்தே 1946இல் விற்பனைக்கு வந்த ஒட்டுப்பலகை நாற்காலி பிறந்தது. ஒரே பலகையை வருத்தி வளைப்பதை விட்டு, இருக்கையையும் முதுகையும் தனித்தனித் துண்டுகளாக அமைத்தார்கள். மூடிமறைக்க வேண்டிய வெடிப்பு இப்போது இல்லை. எனவே துணியும் வேண்டியதில்லை. 1950இல் கண்ணாடியிழையால் ஒரே வார்ப்பாகச் செய்த இருக்கை வந்தது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விமான நிலையங்களிலும் அதன் வழித்தோன்றல்களில் அமராதவர் இன்று அரிது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாற்காலியின் வளைவு, அழகு தேடிக் கிளம்பியவரின் கையில் மட்டும் பிறந்ததன்று. வலியில் கிடக்கும் முகம் தெரியாத ஒருவனின் காலைப் பற்றி எண்ணியவர்களின் கையில் அது முதிர்ந்தது. பிற்காலத்தில் சார்லஸ் ஈம்ஸ் வடிவமைப்பாளரின் பணியை நல்ல விருந்தோம்பலுக்கு ஒப்பிட்டார். விருந்தினர் கேட்பதற்கு முன்பே அவர் தேவையை உணர்ந்து ஆயத்தம் செய்பவரே நல்ல இல்லத்தார்; வடிவமைப்பாளரும் அப்படியே என்பது அவர் கருத்து. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழி பேசும் நமக்கு இவ்வொப்புமையை விளக்க வேண்டியதில்லை.

பொய் சொல்லும் மரம்

ஈம்ஸ் தம்பதியரின் நாற்காலிகளை விற்ற ஹெர்மன் மில்லர் நிறுவனம், மிச்சிகன் மாநிலத்தில் சீலண்ட் என்னும் சிற்றூரில் உள்ளது. அதை நடத்திய டி. ஜே. டி பிரீ ஆழ்ந்த பற்றுடைய ஒரு புராட்டஸ்டாண்டு கிறிஸ்தவர். அவருடைய ஆலையும் முதலில் பிற ஆலைகளைப் போல், பழங்கால ஐரோப்பிய அரண்மனைப் பொருள்களின் சாயலில் கட்டில்களும் மேசைகளும் செய்தே பிழைத்து வந்தது. 1930இல் கில்பர்ட் ரோட் என்னும் வடிவமைப்பாளர் அவரைச் சந்தித்தார். புதுமரத்தைப் பழமரம் போல் காட்டுவதும், எளிய பொருளின்மேல் போலி வேலைப்பாட்டை ஏற்றுவதும் நேர்மையாகுமா என்று அவர் எழுப்பிய கேள்வி டி பிரீயின் மனச்சான்றைத் தைத்தது. அதுவரை வெறும் வாணிபமாகத் தெரிந்தது, அன்றுமுதல் ஒழுக்கப் பிரச்சினையாகத் தெரிந்தது. நிறுவனம் மெல்ல மெல்லப் போலிகளைக் கைவிட்டு நவீன வடிவங்களுக்குத் திரும்பியது.

இதே மனிதரைப் பற்றி அவர் மகன் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1927இல் ஆலையின் இயந்திரங்களைப் பராமரித்து வந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். துக்கம் கேட்கச் சென்ற டி பிரீயிடம், கைம்பெண்ணான அவர் மனைவி சில கவிதைகளைப் படித்துக் காட்டினார். எழுதியவர் யார் என்று கேட்டபோது, இறந்துபோன அத்தொழிலாளியே என்று தெரிந்தது. அவர் இயந்திரம் பார்த்த கவிஞரா, கவிதை எழுதிய இயந்திரக்காரரா? இந்த ஐயம் முதலாளியை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. 1950இல் அந்நிறுவனம், உற்பத்தித் திறன் உயர்வதால் கிடைக்கும் ஆதாயத்தில் தொழிலாளர்க்கும் பங்கு தரும் திட்டத்தை மேற்கொண்டது. வாங்குபவரின் முகத்தை எண்ணிப் பார்க்கத் தொடங்கியவர்க்குச் செய்பவரின் முகமும் தெரிந்தது எனலாம்.

இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணைசெய்வார். ஒருவன் அறுப்பதற்காக ரம்பம் செய்தால் அதை இரும்பால் செய்வான். கண்ணாடி அதனினும் அழகிய பொருள்தான், ஆயினும் கண்ணாடியால் செய்யமாட்டான். ஏனெனில் அந்த அழகு ரம்பத்தின் பணிக்கே இடையூறு என்று அவர் எழுதுகிறார். நோக்கத்திற்கு இசைந்ததே பொருளுக்கு நன்மை என்பது இதன் கருத்து. நவீன வடிவமைப்பாளர் பலர் 20ஆம் நூற்றாண்டில் கண்டதாக எண்ணியதை அவர் 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. கைத்திறன் வேறு, நல்லொழுக்கம் வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார். செய்பொருளைச் சரியாகச் செய்யும் அறிவே கைத்திறன். பொருள் நன்றாக இருந்தால் கைவினைஞன் கைவினைஞன் என்னும் முறையில் பாராட்டுக்குரியவன். அவன் உள்ளம் எத்தகையது என்பதை அப்பாராட்டு கேட்பதில்லை. அத்திறனை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டுமானால் நேரிய சித்தம் தேவை. அதைக் கைத்திறன் தருவதில்லை. அறநெறிப் பயிற்சியே தரும். ஆகவே சிறந்த வடிவம் ஒன்றைக் கண்டவுடனேயே, இது நல்லவரின் வேலை என்று நாம் முடிவுகட்ட இயலாது. நமது வரலாற்றின் இரண்டாம் முகம் இதற்குச் சான்று.

பழையதாக்கும் கலை

டெட்ராய்ட் நகரின் கார்த் தொழிலில் ஆண்டுக்கு ஆண்டு உருவத்தை மாற்றும் வழக்கம் போருக்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் இயங்கிய வடிவமைப்புத் துறை அதில் தேர்ந்தது. போருக்குப் பின் கார்களின் பின்புறத்தில் விமான வால்களைப் போன்ற துடுப்புகள் முளைத்தன; ஆண்டுதோறும் அவை உயர்ந்தன. கார் ஓடுவதற்கு அத்துடுப்புகள் தேவையில்லை. சென்ற ஆண்டுக் காரை வைத்திருப்பவருக்கு அது பழையது என்று உணர்த்த அவை தேவைப்பட்டன.

1954இல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் தொழில் வடிவமைப்பாளர் இம்முறைக்குத் திட்டமிட்ட வழக்கொழிப்பு என்னும் பொருள்படும் பெயரைப் பரவலாக்கினார். அந்தச் சொற்றொடர் அதற்கு முன்பே இருந்ததுதான். அதைத் தம் தொழிலின் கொடியாக உயர்த்திப் பிடித்தவர் அவர். பழுதாகும் பொருளைச் செய்யுமாறு அவர் கூறவில்லை என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். பொருள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் தேவைக்குச் சற்று முன்னதாகவே, சற்றுப் புதியதை, சற்றுச் சிறந்ததைப் பெறும் ஆசையை வாங்குபவரின் உள்ளத்தில் விதைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1960இல் வான்ஸ் பாக்கர்ட் என்னும் இதழாளர் தம் நூலொன்றில் இதைக் கடுமையாகச் சாடினார்.

வாதம் ஒருபுறமாகவே இருக்கவில்லை. ஸ்டீவன்ஸ் தரப்பினர் கூறியது என்ன? புதியவை விற்றால்தான் ஆலைகள் ஓடும். ஆலைகள் ஓடினால்தான் வேலை உண்டு. வசதியுள்ளவர் கழிக்கும் பொருள், வசதி குறைந்தவருக்கு மலிவாகக் கிடைக்கும். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்க இயலாது. ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் வடிவமைப்பு இயக்குநராக இருந்து ஈம்ஸ் தம்பதியரை அங்கே கொண்டுவந்த ஜார்ஜ் நெல்சனே 1956இல் வழக்கொழிப்பை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். பழையதை உதறும் துணிவு இல்லாமல் முன்னேற்றம் இல்லை என்பது அவர் நோக்கு.

1959இல் இவ்வாதம் உலக அரசியல் மேடைக்கே வந்தது. மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் அமைப்பை வகுத்தவர் அதே நெல்சன். ஈம்ஸ் தம்பதியர் தயாரித்த படம் ஏழு திரைகளில் ஒரே நேரத்தில் அங்கே காட்டப்பட்டது. அங்கிருந்த மாதிரி அமெரிக்கச் சமையலறையின் முன் நின்று துணைக் குடியரசுத் தலைவர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் வாதிட்டனர். உங்கள் வீடுகள் 20 ஆண்டுகளே நிற்கும், மீண்டும் விற்பதற்காகவே அப்படிக் கட்டுகிறீர்கள், நாங்களோ பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கட்டுகிறோம் என்றார் குருஷ்சேவ். வீடுகள் அதற்கு மேலும் நிற்கும். ஆயினும் 20 ஆண்டுகளில் மக்களே புதிய வீட்டையும் புதிய சமையலறையையும் விரும்புகிறார்கள் என்றார் நிக்சன்.

மக்களே விரும்புகிறார்கள். இவ்விரு சொற்களில் நமது வினாவின் முடிச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது. விருப்பம் தானாக எழுந்ததா, எழுப்பப்பட்டதா? மனைவிக்குத் துணி துவைக்கும் சுமையைக் குறைக்கும் இயந்திரத்தை ஒருவன் விரும்பினால், அவ்விருப்பம் தேவையில் வேர்கொண்டது. அதே இயந்திரம் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும்போது, அண்டைவீட்டு இயந்திரத்தின் நிறத்தைக் கண்டு நாணினால், அந்த நாணம் அவனுடைய வீட்டில் விளைந்ததன்று. வெளியில் விளைவித்து அவனுக்கு விற்கப்பட்டது.

நல்ல இல்லத்தார் விருந்தினரின் பசியை ஆற்றுகிறார். எழும்போது அவர் நிறைவோடு எழவேண்டும் என்பதே அவர் ஆவல். உண்டபின்னும் பசிக்கும்படி உணவில் எதையோ கலந்துவைப்பவரை நாம் இல்லத்தார் என்று அழைப்பதில்லை. புதுமையைத் தருவது குற்றமன்று. மேலானது கிடைத்தபின் கீழானதைக் கைவிடுவதும் குற்றமன்று. நெல்சன் சொன்னதில் உள்ள நியாயம் அவ்வளவே. ஆனால் தன் ஆதாயத்துக்காகப் பிறருடைய மனநிறைவைக் குலைப்பதையே தொழிலாகக் கொள்வது வேறு. அங்கே மனிதர் விருந்தினர் நிலையிலிருந்து இரை நிலைக்குத் தள்ளப்படுகிறார். வேலைவாய்ப்பு என்னும் வாதம் இக்குறையை நீக்காது. தொழிலாளிக்குச் சோறு வேண்டும் என்பது உண்மை. அதற்காக வேறொருவரின் நிம்மதியை விலையாகக் கேட்பது நீதியாகாது.

பந்தியில் இடமில்லாதவர்

இனி, முதல் முகத்தையும் நாம் கேள்வி கேட்காமல் விடலாகாது. மிகச் சிறந்ததை, மிகப் பலருக்கு, மிகக் குறைந்த விலையில் தரவேண்டும் என்பது ஈம்ஸ் தம்பதியர் தங்களுக்கு வகுத்துக்கொண்ட இலட்சியம். அந்தப் பலர் யார்?

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஆலையில் பொருள் செய்வதுபோல் வேலையைப் பிரித்துப் பிரித்து, எளிய குடும்பங்களும் வாங்கத்தக்க விலையில் கட்டினார்கள். போற்றத்தக்க சாதனைதான். ஆனால் வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கலாகாது என்று தொடக்கத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1948இல் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், கறுப்பின மக்களுக்கு வீடு விற்க உரிமையாளர் மறுத்தே வந்தார். ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் போரிட்டுத் திரும்பிய கறுப்பினப் படைவீரனுக்கும் அந்தப் பந்தியில் இலை போடவில்லை. வீட்டு விற்பனையில் இன வேற்றுமையை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. முகம் அறியா விருந்தினருக்கு என்று சொல்லிக்கொண்டே முகத்தைப் பார்த்துக் கதவை மூடுவது சாத்தியம் என்பதை இது காட்டுகிறது.

வீட்டுக்குள்ளேயும் ஒரு குறை உண்டு. 1946இல் நவீனக் கலைக் காட்சியகம் அவர்களுடைய நாற்காலிகளைக் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பில் சார்லஸ் ஈம்ஸ் பெயர் மட்டுமே இருந்தது. இணையாக உழைத்த ரே ஈம்ஸ் பெயர் இல்லை.

பொருள்களுக்கும் விதி உண்டு போலும். அவர்கள் 1956இல் வெளியிட்ட சாய்வு நாற்காலி, தோலும் ஈட்டிமரமும் சேர்ந்த ஆடம்பரப் பொருள். இன்று அது பல ஆயிரம் டாலர் பெறும். அதற்குப் பயன்பட்ட பிரேசில் நாட்டு ஈட்டிமரம் அருகிப்போனதால், 1992இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்தது. எளியோருக்கென்று செய்த கண்ணாடியிழை நாற்காலியின் பழைய பிரதிகளும் இன்று செல்வர் தேடிச் சேர்க்கும் அரும்பொருள்கள். சுற்றுச்சூழல் குறித்த கவலையால், 20ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே கண்ணாடியிழை வார்ப்பை நிறுவனம் நிறுத்தியிருந்தது. 2001இல் வேறு பிளாஸ்டிக்கில் அவ்வடிவத்தை மீண்டும் கொண்டுவந்தது. காட்டையும் காற்றையும் இனிப் பிறக்கப்போகும் தலைமுறையையும் அழைக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்க அந்தக் காலம் மறந்திருந்தது. நல்லெண்ணம் உடையவருக்கும் பார்வை எட்டாத இடம் உண்டு. ஆகவே நல்லெண்ணம் ஒருமுறை இருந்தால் போதாது. யாரை விட்டுவிட்டோம் என்று மீண்டும் மீண்டும் கேட்கும் பழக்கமாக அது வளரவேண்டும்.

ஒரு சொம்பின் பாடம்

இந்திய அரசின் அழைப்பை ஏற்று ஈம்ஸ் தம்பதியர் நம் நாட்டுக்கு வந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் சுற்றிப் பார்த்து, 1958இல் அறிக்கை ஒன்றை அளித்தனர். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழ அவ்வறிக்கை வழிவகுத்தது. இங்கே தாங்கள் கண்ட பொருள்கள் அனைத்திலும் மிகச் சிறந்ததாக அவர்கள் போற்றியது கோவில் சிற்பத்தையன்று. நம் வீடுகளில் புழங்கும் எளிய சொம்பையே.

அதைப் புதிதாக வடிவமைப்பதானால் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் ஒரு நீண்ட பட்டியலே தந்தனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்குவது ஆணா, பெண்ணா, குழந்தையா? இடுப்பிலா, தலையிலா, கையிலா? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் நிலைகுலையாமல் நிற்குமா? ஊற்றும்போது நீர் எப்படி விழும்? உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா? வெயில் பட்டு ஒளிரும்போது எப்படித் தோன்றும்? உருக்கி விற்றால் என்ன கிடைக்கும்? ஒருவருக்கு அன்பளிப்பாகத் தரும்போது மனம் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் விடையாக நிற்கும் அச்சொம்பை எந்த ஒரு தனிமனிதரும் வடிவமைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு அது அப்படி ஆயிற்று.

அந்தப் பட்டியலை வெறும் தொழில்நுட்பக் குறிப்பாக நாம் படிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு மனிதர் நிற்கிறார். தலையில் சுமக்கும் பெண் நிற்கிறாள். துலக்கும் கை நிற்கிறது. வறுமை வந்தபோது உருக்கி விற்க நேரும் குடும்பம் நிற்கிறது. தாம் காணாத மனிதரை இவ்வளவு பொறுமையோடு எண்ணிப் பார்ப்பதற்கு அன்பு என்னும் சொல் மிகையானதன்று. முதலில் நாம் கேட்ட கேள்விக்கு இப்போது ஒருவாறு விடை சொல்லலாம். அழகு, மலிவு, உறுதி, உண்மை என்னும் நான்கும் முகம் அறியாதவருக்கு நாம் செலுத்தும் கடனின் பகுதிகள். அந்தக் கடனின் முதல், அவரை நினைப்பதே. அவரை நினைக்காதவர் கையில் அந்த நான்கும் தூண்டிலாக மாறிவிடும்.

வாங்குபவராகிய நமக்கும் பங்கு உண்டு. இன்று நம் கடைத்தெருக்களில் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. கையிலிருக்கும் தொலைபேசி பேசிக்கொண்டிருக்கும்போதே அது பழையது என்று சொல்லித்தர ஆயிரம் விளம்பரங்கள் உண்டு. அடுத்த முறை வீட்டுக்கு ஏதேனும் ஒன்றை வாங்கப் போகுமுன் சில கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இத்தேவை நம் வீட்டில் பிறந்ததா, வெளியிலிருந்து நுழைந்ததா? பழுதானால் சரிசெய்ய வழி உண்டா? செய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்திருக்குமா? நாம் கழித்த பிறகு இது யார் வாசலில் போய்க் குப்பையாகக் கிடக்கும்?

செய்பவர் நம்மை நினைக்க வேண்டும் என்று கேட்கும் நாம், செய்தவரையும் நமக்குப் பின் வருபவரையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களும் நமக்கு முகம் அறியா விருந்தினரே.